எடைக்குறைப்பு ஆப்பரேஷனுக்குப் பல வருஷம் கழித்து இரும்புச்சத்தும் வைட்டமினும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் மாவட்டத்தில் தக்கலையிலும் இருக்கிறார்கள், தூத்தூரிலும் இருக்கிறார்கள். சிலர் திருவனந்தபுரத்தில் செய்தார்கள், சிலர் சென்னையிலோ கோவையிலோ, சிலர் வளைகுடாவில் வேலை பார்த்த ஊரிலேயே. முதல் வருஷம் பெரும்பாலும் எல்லாரும் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள், ரத்தப் பரிசோதனைக்கும் போகிறார்கள். சிக்கல் வருவது மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவது வருஷத்தில். எடை குறைந்து, சுகர் மாத்திரையும் நின்று, ஆள் தெம்பாக இருக்கும் காலம் அது. உடம்பில் சேர்ந்திருந்த சத்து தீர்வதும் அதே காலத்தில்தான். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் ரத்த அறிக்கையைப் பார்க்கும் மருத்துவரின் முடிவாக இருக்கட்டும்.

ஆப்பரேஷன் முடிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. எடையும் திரும்ப ஏறவில்லை. இன்னும் எதற்கு மாத்திரை?

வயிற்றில் செய்த மாற்றம் நிரந்தரமானது. அதனால் மாத்திரையும் ஆயுள் முழுக்கத் தேவை.

நாம் சாப்பிடும் இரும்புச்சத்தின் பெரும்பகுதி, இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதல் பகுதியில்தான் ரத்தத்தில் சேருகிறது. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் பைபாஸ் ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு உணவு அந்தப் பகுதியைத் தொடாமலே கீழே போய்விடுகிறது. அதன் இன்னொரு வகையான மினி பைபாஸிலும் இதே கதைதான். ஸ்லீவ் செய்தவர்களுக்குக் குடலின் பாதை மாறுவதில்லை. ஆனால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவதால் அமிலச் சுரப்பு குறைகிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அந்த அமிலம் வேண்டும்.

பி12 வைட்டமினின் கதை வேறு. இரைப்பையின் சுவர் 'இன்ட்ரின்சிக் ஃபாக்டர்' என்ற ஒரு புரதத்தைச் சுரக்கிறது. பி12 அதோடு சேர்ந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படும். இரைப்பை சுருங்கினால் அந்தப் புரதமும் குறையும். ஆனால் கல்லீரலில் பல வருஷத்துக்கான பி12 சேர்ந்திருப்பதால், குறை உடனே தெரியாது. இரண்டு, மூன்று, ஐந்து வருஷம் கழித்து வெளிப்படும். 'மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலியே' என்று சொல்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலைதான். கையிருப்பில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு என்ன வகை ஆப்பரேஷன் செய்தார்கள் என்றே சரியாகத் தெரியவில்லை. அது முக்கியமா?

மிக முக்கியம். ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா என்பதைப் பொறுத்து மாத்திரை அளவும் பரிசோதனைகளும் மாறும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, போனில் படம் பிடித்து வையுங்கள். தொலைந்துபோயிருந்தால் செய்த மருத்துவமனையில் நகல் கேளுங்கள். பல்வலிக்குப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும், முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

லேபில் ஹீமோகுளோபின் 12.4 என்று வந்திருக்கிறது. அப்போ ரத்தம் சரிதானே?

ஹீமோகுளோபின் சரி. அதை வைத்து இரும்புச்சத்து சரி என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் அந்த அளவுக்கு இறங்கத் தொடங்கும். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன பிறகும் சானலில் சில நாள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சானலைப் பார்த்துவிட்டு அணை நிறைந்திருக்கிறது என்று நம்பக் கூடாது. அணையின் மட்டத்தைச் சொல்வது ஃபெரிட்டின் என்னும் பரிசோதனை.

ஃபெரிட்டின் 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 15-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. லேப் அறிக்கையில் '10 முதல்' என்று ஏதாவது ஒரு எல்லை அச்சிட்டிருப்பார்கள், உங்கள் எண் 14 என்றால் அதற்குக் கீழே கோடு போடாமல் விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், தொற்று, கல்லீரல் கொழுப்பு, உடலில் எங்காவது அழற்சி என்று இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். டெங்குவோ நிமோனியாவோ வந்து போன கையோடு எடுத்த ஃபெரிட்டினை நம்ப வேண்டாம், சில வாரம் கழித்து எடுங்கள். சந்தேகம் வந்தால், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற பரிசோதனையையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஃபெரிட்டின் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் இரும்புக் குறையை நினைக்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

முழு ரத்த அணுக்கள், ஃபெரிட்டினோடு இரும்பு அளவுகள், பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்), வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் என்னும் ரத்தப் புரதம், கல்லீரல், சிறுநீரகம். பைபாஸ் செய்தவர்களுக்குத் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ ஆகியவையும் சேரும். எல்லாம் ஒரே நாளில் எடுக்க முடியாத அளவுக்குச் செலவாகும் என்றால், முழு ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, பாராதைராய்டு ஆகிய ஐந்தை முதலில் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை மருத்துவர் சொல்லும் வரிசையில் எடுக்கலாம்.

ரத்தம் கொடுக்கும் காலையில் இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் ரத்தத்தில் இரும்பு அளவு செயற்கையாக ஏறித் தெரியும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அது பல ஹார்மோன், வைட்டமின் பரிசோதனைகளின் முடிவைக் குழப்பும். தைராய்டு சோதனையும் அதில் அடக்கம். இதை லேபில் யாரும் கேட்பதில்லை, நீங்களே நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஃபெரிட்டின் 90-லிருந்து 60, பிறகு 38 என்று இறங்குவது தெரிந்தால், 30-ஐத் தொடும் முன்பே ஏதாவது செய்யலாம். ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு அது முடியாது.

தினமும் எவ்வளவு இரும்பு, எவ்வளவு வைட்டமின் வேண்டும்?

அமெரிக்கப் பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) அறுவை சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதலைத்தான் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதன்படி, மாதவிடாய் உள்ள பெண்களுக்கும், ஸ்லீவோ பைபாஸோ செய்தவர்களுக்கும் எல்லாம் சேர்த்து நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் தனி இரும்பு. இவற்றில் சேராத, ரத்தசோகை வந்ததே இல்லாத, ஆபத்து குறைந்த ஆண் என்றால் 18 மில்லிகிராம். பி12 வாய்வழியாக நாளுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம். தயமின் (பி1) குறைந்தது 12 மில்லிகிராம். ஃபோலேட் 400 முதல் 800 மைக்ரோகிராம், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு 800 முதல் 1000. வைட்டமின் டி3 நாளுக்கு 3000 யூனிட், ரத்தத்தில் அளவு 30 நானோகிராமைத் தாண்டும் வரை. கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம்.

'தனி இரும்பு' என்பதைக் கவனியுங்கள். அட்டையில் ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதில் இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான், மீதி உப்பின் எடை. கடையில் விற்கும் சாதாரண மல்டிவைட்டமின் பலவற்றில் இரும்பும் பி12-உம் இந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. ஜெல்லி மிட்டாய்போல் வரும் கம்மி வைட்டமின்கள் நமக்கு உதவாது. பெரும்பாலும் அவற்றில் இரும்பே இருக்காது.

எல்லா மாத்திரையையும் காலையில் சாயாவோடு போட்டுவிடுகிறேன். பரவாயில்லையா?

இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காசு கொடுத்து வாங்கிய இரும்பு உள்ளே போயும் பயனில்லாமல் போகிறது. தேயிலையிலும் காப்பியிலும் உள்ள டானின் போன்ற பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், கால்சியமும் பாலும் இரும்போடு போட்டி போடும். இரண்டையும் ஒரே வாய்க்குள் போட்டால் இரும்பு தோற்றுப்போகும்.

ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அவர்களைக் காலையில் இரும்பு சாப்பிடச் சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்கு இரவு படுக்கும் முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு இரும்பு. கால்சியத்தைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும். ஆபீஸ் போகிறவர்கள் எழுந்ததும் இரும்பைப் போட்டு, ஒரு மணி நேரமாவது கழித்து சாயா குடிக்கலாம். கால்சியம் ஒரு வேளைக்கு 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சப்படாது. அதனால் இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும், இரும்போடு இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரும்பையும் கால்சியத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

கால்சியத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. கடையில் கேட்டால் பெரும்பாலும் கார்பனேட் வகைதான் தருவார்கள். அது கரைய அமிலம் வேண்டும். ஆப்பரேஷன் செய்த வயிற்றுக்கு சிட்ரேட் வகை நல்லது, 'கால்சியம் சிட்ரேட்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரை போதுமா?

அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நல்ல மாத்திரை, விலையும் இல்லை. இரும்பைப் பொறுத்தவரை தினமும் சாப்பிட்டால் அளவு சரியாகவே வரும். ஆனால் அதில் பி12 கிடையாது. இது சின்ன விஷயமில்லை. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் போனால், ரத்தசோகை மட்டும் சரியானதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். இரும்பு மாத்திரை இலவசமாக வாங்குங்கள், பி12 தனியாகச் சேருங்கள்.

இரும்பு மாத்திரை போட்டால் மலச்சிக்கல், வயிற்றுவலி. மலமும் கறுப்பாகப் போகிறது.

கறுப்பு நிறம் இரும்பால் வருவது, பயப்பட வேண்டாம். ஆனால் தார்போல் ஒட்டும், நாற்றம் அதிகமுள்ள கறுப்பு மலம் என்றால், தலைசுற்றலும் சேர்ந்தால், அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பைபாஸில் இரைப்பையும் குடலும் சேரும் தையலிடத்தில் புண் வருவது உண்டு. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுபவர்களுக்கும் பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கும் அந்தப் புண் வரும் வாய்ப்பு அதிகம். பைபாஸ் செய்தவர்கள் வலிக்குப் பாராசிட்டமாலோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையை நிறுத்துவதற்கு முன், வேறு வகை இரும்புக்கு மாறலாமா என்று கேளுங்கள். இன்னொன்று: ஒரு வேளை இரும்பு சாப்பிட்டால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, சுமார் ஒரு நாள் வரை அடுத்த இரும்பைத் தடுக்கிறது. சூரிச் நகரில் இரும்புக் குறையுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உறிஞ்சப்பட்டது, வயிற்றுத் தொல்லையும் குறைந்தது. அவர்கள் வயிற்று ஆப்பரேஷன் செய்தவர்கள் அல்ல. ஆகவே நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். மாத்திரையை முழுவதும் விட்டுவிடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

மாத்திரைக்குப் பதிலாக முருங்கைக்கீரை, மாதுளை, கருப்பட்டி சாப்பிட்டால் போதாதா?

போதாது. உணவை நான் குறைத்துச் சொல்லவில்லை, என் வேலையே உணவுதான். ஆனால் உறிஞ்சும் இடம் மாறிவிட்ட உடலுக்கு உணவு மட்டும் ஈடுகொடுக்காது.

கறி, ஈரல், மீனில் உள்ள அசைவ இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். கீரை, பயறு, தானியத்தில் உள்ள இரும்பில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள்தான். அதுவும் முழு வயிறு உள்ளவர்களுக்கு. முருங்கைக்கீரை அருமையான கீரை, துவரன் வைத்துச் சாப்பிடுங்கள், ஆனால் உங்கள் வயிறு ஒரு வேளைக்கு ஏற்கும் ஒரு கைப்பிடியிலிருந்து கிடைக்கும் இரும்பு மிகச் சொற்பம். மாதுளை, பீட்ரூட் இரண்டும் நிறத்தால் பேர் வாங்கியவை, இரும்பு அதிகமில்லை. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். பைபாஸ் செய்தவர்கள் கருப்பட்டிக் காப்பியும் அக்கானியும் (பதநீர்) ஒரே மூச்சில் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று 'டம்பிங்' வரும்.

நம் கடற்கரை நமக்குத் தந்திருப்பதைச் சொல்கிறேன். சாளை, அயலை, நெத்திலி, சூரை எல்லாம் புரதமும் பி12-உம் நிறைந்த மீன்கள். சாளையில் வைட்டமின் டி-யும் உண்டு. குளச்சல், கடியபட்டணம், இனயம் பக்கம் பாறையிலிருந்து எடுக்கும் சிப்பியில் பி12 ஏராளம், இரும்பும் மீனைவிடக் கூடுதல். சீசனில் கிடைத்தால் விடாதீர்கள். பொரிக்காமல், அவித்தோ தேங்காய் அரைத்த குழம்பிலோ சாப்பிடுங்கள். ஆட்டீரல், கோழியீரல் வாரம் ஒருமுறை சிறிதளவு போதும். சைவம் என்றால் சிறுபயறை முளைகட்டி அவியுங்கள். முளைகட்டினால் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும். கூடவே அரை கொய்யாப்பழமோ ஒரு நெல்லிக்காயோ வைத்துக்கொள்ளுங்கள்.

மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் எனக்கு முடியாது.

இல்லாமல் இருக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். மீனை முதலில் சாப்பிடுங்கள், பிறகு இடமிருந்தால் மரச்சீனி. கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்து. அது முதலில் போனால் சின்ன வயிறு நிறைந்துவிடும், மீன் தட்டிலேயே மிஞ்சும். சம்பா அரிசிக் கஞ்சிக்கும் பயறுக்கும் இதே கணக்குதான்.

எங்க அம்மாவுக்கு உள்ளங்கால் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது. சுகர் இப்போது நார்மல். வயசாகிவிட்டதால்தானா?

வயசு என்று விடாதீர்கள், இந்த வாரமே பி12 பாருங்கள். ஆப்பரேஷனுக்கு முன் வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்கலாம், அதன்மேல் இந்த ஆப்பரேஷனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நடையில் தள்ளாட்டம், இருட்டில் விழுவது, மறதி, நாக்கு வழவழப்பாகி எரிவது எல்லாமே பி12 குறையாக இருக்கலாம். நரம்புப் பாதிப்பு நீண்டுவிட்டால் முழுவதும் திரும்பாது. அதனால்தான் இதில் நான் இவ்வளவு அழுத்துகிறேன். ரத்தத்தில் பி12 எல்லையோரமாக இருந்து அறிகுறிகள் இருந்தால், எண்ணைப் பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவர் சிகிச்சை தொடங்குவது வழக்கம்.

பி12 சரியாக இருந்தும் இதே தொல்லை இருந்தால் தாமிரத்தைப் பாருங்கள். கொரோனா காலத்தில் தொடங்கிய துத்தநாக மாத்திரையை இன்னும் தினமும் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதிகத் துத்தநாகம் தாமிரத்தை உடலில் சேரவிடாது. தாமிரம் குறைந்தால் பி12 குறைபோலவே நடை தள்ளாடும், ரத்தசோகை வரும், வெள்ளணுக்களும் குறையும். வழிகாட்டுதலின்படி 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு 1 மில்லிகிராம் தாமிரம் இருக்க வேண்டும்.

பி12 ஊசிதான் போட வேண்டுமா?

குறை உறுதியாகி நரம்பு அறிகுறி இருந்தால் ஊசி. குறை வராமல் தடுக்க, நாளுக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும். அதிக அளவு கொடுக்கும்போது இன்ட்ரின்சிக் ஃபாக்டர் புரதத்தின் துணை இல்லாமலே ஒரு சிறு பங்கு உள்ளே போகிறது. தினமும் மாத்திரை மறந்துபோகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி வசதி.

தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பான்டோப்ரசோல் போன்றவை மிச்சமிருக்கும் அமிலத்தையும் அடக்குவதால் இரும்பு, பி12, மக்னீசியம் மூன்றும் குறையும். ஸ்லீவ் செய்த பலருக்கு நெஞ்செரிச்சல் உண்மையிலேயே இருப்பதால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இன்னும் தேவையா என்று வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவரைக் கேளுங்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஃபெரிட்டின் ஏறவில்லை. அடுத்து என்ன?

முதலில் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எடை குறைந்த பிறகு மாதவிடாய் ஒழுங்காகி, அதிகமாகவும் போகும் பெண்கள் உண்டு. பலர் அதை டாக்டரிடம் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். மூலம், தையலிடத்துப் புண், ஹெச்.பைலோரி கிருமி, தோட்டத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெருங்குடல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஆப்பரேஷன் தலையில் போட்டுவிடக் கூடாது.

அதன் பிறகு ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றுவது. பைபாஸ் செய்தவர்களுக்கு இது பல சமயம் தவிர்க்க முடியாதது, தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. இரும்பு சுக்ரோஸ் என்றால் 200 மில்லிகிராம் வீதம் பல தடவை, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்றால் 500 அல்லது 1000 மில்லிகிராம் ஒரே தடவையில். ஒவ்வாமை அரிதுதான். ஆனாலும் அதைச் சமாளிக்க வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே ஏற்றிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஆளை வரவழைத்துப் போட வேண்டாம். இரண்டாவது வகைக்குப் பிறகு சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் குறையும். ஊசி போட்டும் களைப்பு கூடினால், எலும்பு வலித்தால், அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், திரும்ப இறங்கும்.

வெயில் இவ்வளவு அடிக்கும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்?

குறையும். வீட்டுக்குள் வேலை செய்பவர்கள், முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்காருபவர்கள், உடலை மூடி உடுத்துபவர்கள், கறுத்த தோல், இரண்டு மழைக்காலம். எடை அதிகமாக இருந்த காலத்திலேயே பலருக்கு அளவு குறைவாக இருந்திருக்கும். டி குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். ரத்தத்தில் கால்சியம் நார்மலாகவே தெரியும். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் பாராதைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்ததை வருஷக்கணக்கில் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். டி அளவு மீறினால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரும். எட்டு வாரம் என்றால் எட்டு வாரம்தான், பிறகு சோதனை.

ரெண்டு வாரமாக வாந்தி. சத்து மாத்திரையும் தங்கவில்லை. காத்திருக்கலாமா?

கூடாது. தயமின் என்னும் பி1 உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு உண்டு. ஆப்பரேஷன் செய்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் தொடர் வாந்தி வந்தால் அது தீர்ந்துபோகும். கண் இரட்டையாகத் தெரிவது, கண்மணி நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது என்றால் மூளை பாதிக்கத் தொடங்கிவிட்டது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவோ, அன்றே போங்கள். போனதும் சொல்ல வேண்டியது: 'வயிற்று ஆப்பரேஷன் செய்திருக்கிறேன், வாந்தி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி வேண்டும்.' தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகலாம். குடும்பத்தில் ஒருவருக்காவது இந்த வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும்.

தவக்காலம், ரமலான் நோன்பு, சபரிமலை மாலை. அப்போது மாத்திரை எப்படி?

எதிலும் மாத்திரையை விட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். தவக்காலத்தில் மீனும் கறியும் விடுபவர்களும், மாலை போட்டு 41 நாள் சைவம் இருப்பவர்களும் பால், மோர், முட்டை அனுமதியென்றால் முட்டை, பயறு, கடலை ஆகியவற்றால் புரதத்தைக் காப்பாற்ற வேண்டும். பி12 மாத்திரை கட்டாயம். ரமலானில் நோன்பு திறந்து கொஞ்ச நேரம் கழித்துக் கால்சியம், படுக்கும் முன் இரும்பு, சஹருக்கு மல்டிவைட்டமினும் இன்னொரு கால்சியமும் என்று பிரிக்கலாம். சின்ன வயிற்றில் இரவுக்குள் போதுமான தண்ணீர் குடிப்பதுதான் உண்மையான சிரமம். நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் கேட்கும் கேள்வி இது. போகும் நாளைவிட இரண்டு வாரம் கூடுதலாக மாத்திரை, ஈரம் புகாத இறுக்கமான டப்பாவில். பி12-ஐ ஊசியாகப் போட்டுவிட்டுப் போவது நல்லது. கடல் கொந்தளித்து வாந்தி நாள்கணக்கில் நீண்டால் மேலே சொன்ன தயமின் பேச்சு உங்களுக்கும் பொருந்தும், பையில் பி1 மாத்திரை இருக்கட்டும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள், கல்யாண வீடுகளுக்குப் போகும் முன், வந்த முதல் வாரத்திலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள். முடிவு பார்த்து சிகிச்சை தொடங்க நேரம் கிடைக்கும்.

பச்சரிசி தின்ன ஆசை, ஐஸ் கட்டி கடிக்க ஆசை. முடியும் கொட்டுகிறது.

அரிசி, சாக்பீஸ், சாம்பல், ஐஸ் மேல் வரும் இந்த ஆசை இரும்புக் குறையின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. வீட்டில் திட்டாமல் ஃபெரிட்டின் எடுங்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகு மூன்றாவது மாதம் கொட்டும் முடி தானாக வளரும், ஐந்தாவது வருஷம் கொட்டினால் இரும்பு, புரதம், துத்தநாகம், தைராய்டு நான்கையும் பார்க்க வேண்டும். இரவில் படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதும் இரும்புக் குறையால் வரலாம்.

கர்ப்பமாக இருக்கிறேன். என்ன மாறும்?

கிராம சுகாதார செவிலியரிடம் முதல் நாளே ஆப்பரேஷன் விஷயத்தைச் சொல்லுங்கள். காரணம் ஒன்று: தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து சுகர் பார்க்கிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அது கடுமையான டம்பிங்கையும், பிறகு சுகர் திடீரென்று இறங்குவதையும் கொண்டுவரலாம். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்தி சுகர் பார்க்கும் வழி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு, பி12, ஃபோலேட், டி எல்லாவற்றையும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் சோதிக்க வேண்டும். மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருந்தால் பீட்டா கரோட்டின் வடிவுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஈரலையும் தவிருங்கள். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் இந்த மாதங்களில் சாளையும் நெத்திலியும் போதும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மாத்திரையை எங்கே வைப்பது?

எட்டாத உயரத்தில், பூட்டி. இரும்பு மாத்திரை சில, சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மிட்டாய் நிறத்தில் இருப்பதால் எடுத்துத் தின்றுவிடும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.